கத்துகிற லென்ஸ்

தாலி கட்டும் நேரத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் குலவையிடுவார்கள். 2013 தை மாதம், தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில், அந்தக் குலவைதான் என் மானத்தைக் காப்பாற்றியது. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கழுத்தருகே கொண்டுபோகிறார். நான் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்துகிறேன். லென்ஸ் கீச்சென்று கத்தியது. பொறியில் மாட்டிய எலி கத்துமே, அந்த மாதிரி. குலவையில் அது கரைந்துவிட்டது. ஆனால் கத்திய கையோடு லென்ஸ் நின்றும் போனது. ஃபோகஸ் ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

ரிங்கைக் கையால் திருப்பினேன். அந்த வகை லென்ஸில் மோட்டார் செத்தாலும் கையால் ஃபோகஸ் செய்யலாம். அந்த மட்டுக்கும் புண்ணியம். முதல் முடிச்சு மங்கலாகத்தான் விழுந்தது. மாப்பிள்ளை ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுக்க, மற்ற இரண்டையும் அவருடைய அக்கா போட்டு முடிப்பதற்குள் எனக்குக் கை பழகிவிட்டது. அந்த ஆல்பத்தில் இருப்பது அக்கா போட்ட மூன்றாவது முடிச்சு. முதல் முடிச்சு எங்கே என்று பெண் வீட்டார் கேட்டால் சொல்ல ஒரு பதிலும் தயார் செய்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளைத் தோழன் மட்டும் பந்தியில் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்து, “என்ன அண்ணாச்சி, உங்க கேமரா அழுவுது?” என்றான்.

அழுதது 80-200, எஃப் 2.8. கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ கனம். 2001-இல் என் மனைவியின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஜப்பான் சரக்கு என்பதோடு விட்டுவிடுகிறேன். மேடைக்குப் பக்கத்தில் போய் ஐயர் தோளில் இடிக்காமல், ஆறேழு நாற்காலி தள்ளி நின்றே முகத்தை எடுக்கலாம். எஃப் 2.8 என்பதால் மண்டபத்தின் அழுதுவடிகிற டியூப் லைட்டிலும் ஃபிளாஷ் இல்லாமல் சமாளிக்கலாம். எட்டு வருஷம் அந்த லென்ஸ்தான் எனக்குச் சோறு போட்டது.

எட்டு என்று சொல்லக் காரணம் உண்டு. அது முதன்முதலாகக் கத்தியது 2013-இல் அல்ல. 2009-இல், பனிமய மாதா திருவிழாவில். ஜூலை 26-இல் கொடி ஏறினால் ஆகஸ்ட் 5 வரை எங்கள் ஊரில் தூக்கம் கிடையாது. கொடியேற்றத்தன்று புறாக்களைப் படம் பிடிக்க லென்ஸைத் தூக்கியபோது லேசாக ஒரு சத்தம். காதுக்குப் பக்கத்தில் கொசு வந்ததுபோல. படம் சரியாகத்தான் விழுந்தது. கடற்காற்று, உப்பு, வேர்வை, ஏதோ தூசி என்று நினைத்தேன். அடுத்த சீசனிலும் சத்தம் வந்தது, படமும் வந்தது. ஓடுகிற வண்டியை யார் மெக்கானிக்கிடம் விடுவார்கள்?

அந்த மோட்டாரைப் பற்றிப் பின்னால் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் என்றதும் மிக்ஸியில் இருப்பதுபோல் செம்புக் கம்பி சுற்றிய உருளை ஞாபகத்துக்கு வரும். இது வேறு ஜாதி. வளையல் மாதிரி ஓர் உலோக வளையம், அதன் முதுகில் ஒட்டிய பீங்கான். அந்தப் பீங்கானுக்கு மின்சாரம் கொடுத்தால் அது காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிரும். அந்த அதிர்வு வளையத்தைச் சுற்றி அலையாக ஓடும். மேலே ஸ்பிரிங்கால் அழுத்தி வைத்த இன்னொரு வளையம் அந்த அலைமீது ஏறி நகரும். பல் சக்கரம் இல்லை, சத்தம் இல்லை. கேனான் இதை முதன்முதலில் 1987-இல் 300 மி.மீ. லென்ஸில் போட்டது, பிறகு மற்றவர்களும் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லாம் அந்த இரண்டு வளையங்களுக்கு நடுவில் இருக்கும் உராய்வை நம்பித்தான். அந்த இடத்தில் கொஞ்சம் எண்ணெய்ப் பசையோ ஈரமோ போனால் வளையம் வழுக்கும், பிறகு ஒட்டும், ஒட்டினால் கத்தும். கத்துவதைக் கேட்டும் சும்மா இருந்தால் ஒருநாள் நின்றுவிடும். நான் நாலு வருஷம் சும்மா இருந்தேன்.

முகூர்த்த சீசன் முடிந்ததும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, சர்வீஸ் சென்டர் திறப்பதற்கு முன்பே வாசலில் போய் நின்றேன். உள்ளே ஏசி, டோக்கன், கண்ணாடிப் பெட்டிக்குள் புது மாடல்கள். கவுண்டரில் இருந்த பெண் என் லென்ஸை வெள்ளைத் துணியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்புப் பெயின்ட் உரிந்து உலோகம் தெரிகிற இடத்தை விரலால் தடவினாள். அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்து லென்ஸ்.

“சார், இது டிஸ்கன்டினியூட் ஆன மாடல்.”

“தெரியும்மா. நின்னு எட்டு ஒம்பது வருஷம் இருக்கும்.”

“பார்ட் இருக்கான்னு பாத்துட்டுதான் சொல்ல முடியும். செக்கிங் சார்ஜ் தனி. வேலை செய்யலன்னாலும் அது கட்டணும்.”

கட்டினேன். ஜாப் ஷீட்டில் ‘யூஸ்டு கண்டிஷன், டஸ்ட், ஸ்க்ராட்ச்’ என்று வழக்கமான மூன்று குறிப்புகளை எழுதினாள். ஹூட், முக்காலிப் பட்டை, முன்பக்கத்து ஃபில்டர், இரண்டு மூடிகள் எல்லாவற்றோடும் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினேன். லென்ஸ் திரும்பி வந்தபோது பின்மூடி இல்லை. ஷீட்டில் எழுதாத பொருளுக்கு யாரிடம் போய் சண்டை போடுவது?

ஆறாம் நாள் போன் வந்தது. “சார், மோட்டார் அசெம்ப்ளி ஸ்டாக் முடிஞ்சிருச்சு. இனிமே வராது. போன வருஷம் வரைக்கும் வந்துட்டிருந்தது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். நல்ல பெண், உள்ளதைச் சொன்னாள். போன வருஷமும் அது கத்திக்கொண்டுதான் இருந்தது. அதற்கு முந்தின வருஷமும்.

ஒரு லென்ஸுக்குச் சாவு இரண்டு தேதியில் வருகிறது. அது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. தயாரிப்பு நின்ற தேதி ஒன்று. அது எல்லோருக்கும் தெரியும். கடைக்காரன் சொல்வான், பத்திரிகையில் வரும். பார்ட் தீர்ந்த தேதி இன்னொன்று. கம்பெனிக்காரர்கள் மாடலை நிறுத்தும்போது உதிரிப் பாகங்களைக் குறிப்பிட்ட வருஷங்களுக்குக் கணக்கிட்டுச் செய்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதற்கு அறிவிப்பு வீடு தேடி வராது. அலமாரியிலும் எல்லாப் பாகமும் ஒரே நாளில் தீர்வதில்லை. அடிக்கடி கெடுகிற பாகம் முதலில் தீரும். கெடாத பாகம் கிடந்து தூசி படியும். என் லென்ஸுக்கு முன்பக்கக் கண்ணாடி வேண்டுமானால் இருக்கிறதாம், அதையும் அந்தப் பெண்தான் சொன்னாள். நல்ல கண்ணாடியை வைத்துக்கொண்டு இன்னொரு நல்ல கண்ணாடியை வாங்கி நான் என்ன செய்ய?

இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். என்னிடம் வேலை பார்த்த பையன் ஒரு மேக்ரோ லென்ஸ் வைத்திருந்தான். உள்ளே அபர்ச்சருக்குப் போகிற ரிப்பன் கேபிள், ஃபோகஸ் ரிங்கோடு மடங்கி மடங்கி அறுந்துவிட்டது. பழைய பேருந்து டிக்கெட்டை மடித்து வைத்தால் மடிப்பில் கிழிவதுபோல. மாடல் நின்றுவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காயலான் கடைக்குப் போடப் பார்த்தான். “போன் பண்ணிக் கேளுலே” என்று நான்தான் விரட்டினேன். கேபிள் இருந்தது. புது லென்ஸ் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. நான் கேட்காமல் இருந்து கெட்டேன், அவன் கேட்டுப் பிழைத்தான்.

சர்வீஸ் சென்டர்காரர்கள் அதே போனில் எனக்கு இன்னொரு வழியும் காட்டினார்கள். பழைய லென்ஸை ஒப்படைத்துவிட்டுப் புது மாடலைத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம். சலுகை என்று சொன்னதும் நானும் மயங்கித்தான் போனேன். போனை வைத்துவிட்டு டீ குடித்தபடி, எனக்குப் பழக்கமான கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் சொன்ன விலையும் அந்தத் தள்ளுபடி விலையும் ஏறக்குறைய ஒன்று. கடைக்காரரிடம் வாங்கினால் என் லென்ஸ் என்னிடமே இருக்கும். கம்பெனியில் வாங்கினால் அதை உடைத்துக் குப்பையில் போடுவார்கள். மோட்டார் மட்டும் செத்த, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லாத லென்ஸை! வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பி, கூரியர் செலவையும் கட்டி ஊருக்கு வரவழைத்தேன்.

கம்பெனிகளை ஒட்டுமொத்தமாகத் திட்டும் ஆள் அல்ல நான். நிக்கான் 1977-இல் ஏ.ஐ. என்ற புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது, அதற்கு முன்னால் விற்ற லென்ஸ்களைக் கைவிட்டுவிடவில்லை. பழைய லென்ஸைக் கொடுத்தால் அபர்ச்சர் வளையத்தை மாற்றிப் புதுக் கேமராவுக்குப் பொருந்தும்படி செய்து கொடுத்தார்கள். மாற்று வளையங்கள் தீரும் வரை அந்த வேலை நடந்தது. லைக்கா 2006-இல் எம்8 என்ற டிஜிட்டல் கேமராவை விட்டபோது, பல பத்தாண்டு பழைய லென்ஸ்களின் பின்புறத்தில்கூட ஆறு புள்ளிக் குறியீடு போட்டுக் கொடுக்க முன்வந்தது. அந்தப் புள்ளிகளைப் பார்த்து, எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று கேமரா தெரிந்துகொள்ளும். கானிக்கா மினோல்டா அதே 2006-இல் கேமராத் தொழிலையே மூடியது. வாடிக்கையாளர்களைச் சோனி கையில் ஒப்படைத்துவிட்டுப் போனது. சொந்த வீட்டை இடித்தாலும் குடியிருந்தவர்களுக்கு மாற்று இடம் காட்டிய கணக்கு.

என் சகலை கதைதான் இரண்டும்கெட்டான். பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ. கேமரா ஒரு கம்பெனி, லென்ஸ் இன்னொரு கம்பெனி. விலை பாதி என்று ஃபிலிம் காலத்தில் இரண்டு லென்ஸ் வாங்கினான். 2005-இல் டிஜிட்டல் பாடிக்கு மாறியதும் இரண்டும் மக்கர் பண்ணின. முழுத் திறப்பில் எடுத்தால் படம் விழும். ஒரு ஸ்டாப் மூடினாலும் கேமரா பிழை எண் காட்டி உறைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்ட வேண்டும். விஷயம் இதுதான்: கேமராவும் லென்ஸும், லென்ஸ் கேமராவில் மாட்டுகிற மௌண்ட்டில் இருக்கும் தங்க நிறப் புள்ளிகள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. வெளிக் கம்பெனிக்காரனுக்கு அந்தப் பாஷையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை; ஒட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டான். புதுக் கேமரா புதுச் சொல் ஒன்றைச் சேர்த்ததும் பழைய லென்ஸ் முழிக்கிறது. லென்ஸ் கம்பெனிக்கு அனுப்பினான். ஒன்றுக்குச் சிப் மாற்றி இலவசமாகத் திருப்பி அனுப்பினார்கள். மற்றது இன்னும் பழசு. அதற்குச் சிப்பே செய்யவில்லை என்றார்கள். அதை அவன் முழுத் திறப்பிலேயே வைத்து நாலு வருஷம் ஓட்டினான். கேட்டால், பின்னணி மங்கலாக விழுவதுதான் தன் பாணி என்பான்.

என் லென்ஸ் ஊருக்கு வந்ததும் ஒரு பாவம் செய்தேன். ராத்திரி எல்லோரும் தூங்கியபின், வாட்ச் ரிப்பேர் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நானே மௌண்ட்டைத் திறக்கப் பார்த்தேன். முதல் திருகு வந்தது. இரண்டாவதன் தலை மழுங்கியது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில், மாடியில் ஒரு பாய் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மறுபடி ரயில் ஏறினேன். போர்டு கிடையாது. மேஜைமேல் வெள்ளைத் துண்டு விரித்திருந்தார், விழுந்த திருகு உருளாமல் இருக்க. பக்கத்தில் முட்டை அட்டை. லென்ஸைக் கையில் வாங்கியவர் முன்பக்கம் பார்க்கவே இல்லை. நேரே திருகுகளைப் பார்த்தார்.

“இத யாரு தொறந்தது?”

நான் பதில் சொல்லவில்லை.

“நீதானா?” என்று சிரித்தார். “தம்பி, இது ஜப்பான் திருகு. பாக்க ஸ்டார் மாதிரியே இருக்கும். நம்ம ஊர் ஸ்டார் டிரைவர் வெச்சா மேல ஏறிக்கும், தலைய தின்னுடும்.” தன் டிரைவரின் முனையை என் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார். சரிவு கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவர் திறந்த விதத்தை நான் மறக்க மாட்டேன். ஒவ்வொரு கட்டத்தில் வந்த திருகுகளையும் முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியில் வரிசையாகப் போட்டார். மௌண்ட்டைத் தூக்கியதும் அடியில் தாளைவிட மெல்லிய வளையங்கள் மூன்று. அவற்றை ஊசியால் எடுத்து, எந்தப் பக்கம் மேலே என்று பேனாவால் புள்ளி வைத்தார். மௌண்ட்டிலிருந்து சென்சார் வரையிலான தூரம் நிக்கான் எஃப் என்றால் 46.5 மி.மீ., கேனான் இ.எஃப். என்றால் 44. லென்ஸ் அந்தக் கணக்குக்குச் சரியாக உட்கார இந்த வளையங்கள்தான் பொறுப்பு. ஒன்று தொலைந்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும். மறை திருகு கழன்று வருகிற இடத்தில் ஊசியால் இரண்டு பக்கமும் கோடு கீறினார். திருப்பி மாட்டும்போது அந்தக் கோடுகள் சேராவிட்டால் லென்ஸ் தூரத்தில் இருப்பதை ஃபோகஸ் செய்யவே செய்யாதாம்.

மோட்டார் வெளியே வந்தது. நான் நினைத்ததைவிட அது ரொம்பச் சின்னது, மெலிசு. உள்வட்டத்தில் ஓர் இடத்தில் மட்டும் தேன் சிந்தியதுபோல் பழுப்பாக, பளபளப்பாக ஒரு திட்டு. “கிரீஸு” என்றார் பாய். “மறையில போட்டது. வெயில்ல காருல வெப்பியா?” வைப்பேன். மண்டபத்து வாசலில், பட்டப்பகலில், டிக்கியில். தூத்துக்குடி வெயிலில் இளகி, நாளாவட்டத்தில் நகர்ந்து நகர்ந்து அந்த உராய்வுப் பரப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பஞ்சு பிரியாத துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, கால் மணி நேரம் துடைத்தார். மாட்டினார். சத்தமில்லாமல் ஓடியது. கையை உரசினால்கூட அதைவிடச் சத்தம் வரும்.

“எத்தனை நாள் வரும் பாய்?”

“அல்லாவுக்குத்தான் தெரியும். கேரண்டிலாம் கேக்காத. கம்பெனிக்காரனே குடுக்கல.”

அவர் கேட்ட பணம் சர்வீஸ் சென்டரில் நான் கட்டிய செக்கிங் சார்ஜைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

2016 வரை வந்தது. பிறகு பீங்கானே விரிசல் விட்டது. துடைத்துச் சரிசெய்கிற கட்டம் தாண்டிவிட்டது. பாய் மறுபடியும் கம்பெனியைக் கேட்கச் சொல்லவில்லை. இழுப்பறையைத் திறந்து அதே மாடல் லென்ஸ் ஒன்றை எடுத்தார். கண்ணாடி முழுக்க ஃபங்கஸ். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் சிலந்தி கூடு கட்டியதுபோல் நரம்பு நரம்பாகப் படர்ந்திருந்தது. கடற்கரை ஊர்க்காரர் யாரோ பீரோவில் பூட்டி வைத்து மறந்த பொருள். கண்ணாடிக்கு மேலிருந்த பூச்சை ஃபங்கஸ் தின்றுவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. ஆனால் பூட்டியே கிடந்ததால் மோட்டார் புதுசு மாதிரி. “கண்ணாடி உன்னது, மோட்டார் அவருது” என்று மாற்றிப் போட்டார். அந்த லென்ஸ் இன்றும் என்னிடம் ஓடுகிறது.

ஃபங்கஸ் என்றதும் ஒன்று. லென்ஸை அரிசி டிரம்மில் வைத்தால் ஈரம் பிடிக்காது என்று எங்கள் ஊரில் பாதிப்பேர் நம்புகிறார்கள். அரிசித் தவிடு உள்ளே போனால் அதைவிடப் பெரிய கேடு. இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, நீல நிறச் சிலிக்கா ஜெல் ஒரு கைப்பிடி. அது ரோஜா நிறமாக மாறினால் வாணலியில் லேசாக வறுத்தால் மறுபடி நீலமாகும். சமைக்கிற வாணலி வேண்டாம். என் மனைவி அதற்கென்று தனியாக ஒன்று ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள், மூன்று நாள் சண்டைக்குப் பிறகு.

என் 80-200-க்கு வந்த காலம் இப்போது எல்லோருடைய லென்ஸுக்கும் வந்திருக்கிறது. 2018-இல் கண்ணாடி எகிறாத புது வகைக் கேமராக்களாக நிக்கான் இசட்டையும் கேனான் ஆர் வரிசையையும் விட்ட நாளிலிருந்து, கண்ணாடி எகிறுகிற பழைய கேமராக்களுக்குச் செய்த லென்ஸ்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. அடாப்டர் போட்டால் மாட்டலாம், சரிதான். ஆனால் அலமாரியில் மணல்கடிகை ஓடத் தொடங்கிவிட்டது. கல்யாணங்களில் சந்திக்கிற பையன்கள் பழைய 70-200-ஐ மலிவாகப் பிடித்தேன் என்று காட்டுவார்கள். நான் முதலில் அதைக் காதோரம் வைத்து ஃபோகஸ் ஓடவிட்டுக் கேட்பேன். டாக்டர் என்று கிண்டல் செய்கிறார்கள்.

போன மாதம், பின்னால் நான் வாங்கிய 70-200-இன் ஜூம் வளையத்தில் லேசாக ஆட்டம் தெரிந்தது. படத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாடல் எண்ணைச் சொல்லி முதலில் போன் செய்து பார்ட் இருப்பதை உறுதி செய்துகொண்டேன். ஃபில்டர், ஹூட், முக்காலிப் பட்டை எல்லாம் கழற்றி வீட்டில் வைத்தேன். சீரியல் எண்ணை மொபைலில் படம் எடுத்தேன். முத்துநகர் எக்ஸ்பிரஸ், எழும்பூர், டோக்கன். இந்த முறை கவுண்டரில் வேறு ஒரு பையன். வளையத்தை ஆட்டிப் பார்த்தான்.

“சார், இது ஒண்ணும் பெரிய ப்ராப்ளம் இல்ல. இன்னும் ரெண்டு மூணு வருஷம் தாராளமா ஓடும்.”

“ஓடும் தம்பி. அதான் கொண்டாந்தேன்.”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜாப் ஷீட்டை எழுதி நீட்டினான். யூஸ்டு கண்டிஷன், டஸ்ட், ஸ்க்ராட்ச். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன், பின்மூடி ஒன்று என்று சேர்க்கச் சொல்லி.